எஸ். எஸ். பிள்ளையும் இருபத்து மூன்றும்

கற்பிட்டிக் கரையில் மீன் வாங்க வருகிறவரிடம் 1 ரூபாய், 8 ரூபாய், 27 ரூபாய் என்று மூன்று வகை நாணயங்கள் மட்டுமே இருப்பதாக வைத்துக்கொள்வோம். மிச்சக் காசு கொடுக்கிற வழக்கமும் கிடையாது. 23 ரூபாய்க்குச் சூடை வாங்கினால் குறைந்தது எத்தனை நாணயம் எண்ணிக் கொடுக்க வேண்டும்? 27 பெரிது, உதவாது. எட்டு ரூபாய் நாணயம் இரண்டு போனால் 16. மிச்சம் இருக்கிற 7க்கு ஒற்றை ரூபாய்கள் ஏழு. ஆக, 9 நாணயங்கள். இதற்குக் கீழே குறைக்கவே முடியாது.

புத்தளம் கரையோரத்துப் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கை நான் அடிக்கடி கொடுப்பேன். காசுக் கணக்கில் அவர்கள் கெட்டிக்காரர்கள். கரைவலை இழுத்து முடிந்ததும் சம்மாட்டிக்கு எவ்வளவு, வலை இழுத்தவர்களுக்கு எவ்வளவு என்று பங்கு பிரிப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள். ஒருமுறை ஒரு மாணவி விடையைச் சொல்லிவிட்டும் உட்காராமல் நின்றாள்.

“சேர், 24 எண்டா மூண்டு காசு போதுமே. ஒரு ரூவா கொறஞ்சதுக்கு எப்பிடி ஒம்பதாகுது?”

“நீங்களே யோசிச்சுச் சொல்லுங்க மகள்.”

“மூணாவது எட்டு வாறதுக்கு ஒண்டு மட்டும்தான் கொறயிது. அதால மிச்சத்த ஒண்டு ஒண்டாத்தான் குடுக்க ஏலும்.”

கணிதத்தின் புகழ்பெற்ற பழைய கேள்வி ஒன்றின் மையத்தைத்தான் அந்தப் பிள்ளை தொட்டிருந்தாள். அந்தக் கேள்விக்குப் பெரும்பகுதி விடையைக் கண்டவர் ஒரு தமிழர். அவருடைய பெயர் நம் பாடப்புத்தகங்களில் இல்லை. இராமானுஜனை அறியாத தமிழ் மாணவரைக் காண்பது அரிது. சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளையைப் பற்றிக் கேட்டால் கணித ஆசிரியர்கள்கூட யார் என்று திருப்பிக் கேட்கிறார்கள். இந்தக் கட்டுரையை எழுத எனக்கு அந்த ஆதங்கம் ஒன்றே போதும்.

கேள்விக்கு வருவோம். 1, 8, 27, 64, 125 என்று போகிறவை கன எண்கள். ஓர் எண்ணை அதே எண்ணால் இருமுறை பெருக்க வருபவை. எந்த எண்ணை எடுத்துக்கொண்டாலும் அதைச் சில கன எண்களின் கூட்டுத்தொகையாக எழுதிவிடலாம். ஒற்றை ஒற்றையாக 1ஐக் கூட்டினாலே போதும். ஆனால் சிக்கனமாக எழுதினால் எத்தனை கன எண்கள் தேவைப்படும்? எண் பெரிதாகப் பெரிதாகத் தேவையும் கூடிக்கொண்டே போகுமா, அல்லது ஒரு வரம்புக்குள் அடங்குமா? கேம்பிரிட்ஜ் பேராசிரியர் எட்வர்ட் வேரிங் 1770இல் வெளியிட்ட நூலொன்றில், நிறுவல் எதுவும் தராமல் ஒரு கூற்றை எழுதிவைத்தார். எந்த எண்ணையும் 4 சதுர எண்களால், 9 கன எண்களால், 19 நான்காம் வலு எண்களால் எழுதலாம், மேலுள்ள வலுக்களுக்கும் இப்படியே ஒரு வரம்பு உண்டு என்பது அதன் சாரம். சதுர எண்களுக்கான பகுதியை அதே 1770இலேயே இலக்ராஞ்சு நிறுவிவிட்டார். 7ஐ எடுத்துப் பாருங்கள். 4, 1, 1, 1 என்று நான்கு சதுரங்கள் வேண்டும். எந்த எண்ணுக்கும் ஐந்தாவது தேவைப்படாது.

மற்ற வலுக்களுக்கு என்ன எண்ணிக்கை? பெரிய ஆய்லரின் மகன் யோகான் அல்பிரெக்ட் ஆய்லர், என் மாணவி பிடித்த அதே நுனியை 1772 வாக்கில் பிடித்தார். ஐந்தாம் வலுவை வைத்துப் பார்ப்போம். 2இன் ஐந்தாம் வலு 32. 3இன் ஐந்தாம் வலு 243. 243க்குக் கீழே உள்ள எண்களுக்கு 1உம் 32உம் மட்டுமே கையில் உண்டு. 243ஐ 32ஆல் வகுத்தால் ஈவு 7. ஏழு முப்பத்திரண்டு 224. அதற்கு ஒன்று குறைவான 223தான் தொல்லை பிடித்த எண். ஆறு முப்பத்திரண்டுகள் போக மிச்சம் 31. அத்தனையும் ஒற்றை ஒன்றுகள். 6உம் 31உம் சேர்ந்தால் 37. ஆகவே ஐந்தாம் வலுவுக்குக் குறைந்தது 37 தேவை.

இதையே எல்லா வலுக்களுக்கும் பொதுவான செய்முறையாக்கலாம். 2ஐ அந்த வலுவுக்கு உயர்த்துங்கள். 3ஐயும் உயர்த்தி, முன்னதால் வகுத்து ஈவை மட்டும் எடுங்கள். இரண்டையும் கூட்டி 2ஐக் கழியுங்கள். சதுரத்துக்கு 4 கூட்டல் 2 கழித்தல் 2, அதாவது 4. கனத்துக்கு 8 கூட்டல் 3 கழித்தல் 2, விடை 9. நான்காம் வலுவுக்கு 16 கூட்டல் 5 கழித்தல் 2, 19. வேரிங் எழுதிவைத்த மூன்று எண்களும் அப்படியே வந்து விழுகின்றன.

ஆனால் இந்தச் செய்முறை சொல்வது கீழ் எல்லையை மட்டும். 223க்கு 37 வேண்டும் என்பது உறுதி. அதைவிட மோசமான எண் வேறெங்கும் இல்லை என்பதை யார் நிறுவுவது? எண்களுக்கு முடிவில்லை. கோடி கோடிகளுக்கு அப்பால் 38 கேட்கிற எண்ணொன்று இல்லை என்று எப்படிச் சொல்வது? பிள்ளையின் பெரும் சாதனை இந்த இடத்தில்தான் இருக்கிறது. மிகக் கடினமான எண் தூரத்தில் எங்கும் இல்லை, 3இன் வலு வருவதற்கு முன்னால், வரிசையின் தொடக்கத்திலேயே நிற்கிறது என்று அவர் காட்டினார்.

எங்கள் கரைக்கு எதிரே, மன்னார் வளைகுடாவைக் கடந்தால் பழைய திருநெல்வேலி மாவட்டம். அங்கே குற்றாலத்துக்குப் பக்கத்தில் வல்லம் என்ற ஊரில் 1901ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் தேதி பிள்ளை பிறந்தார். கைக்குழந்தையாக இருக்கும்போதே தாய் இறந்துவிட்டார். செங்கோட்டையில் படித்துக்கொண்டிருந்தபோது தகப்பனும் போய்ச் சேர்ந்தார். அத்தோடு படிப்பு நின்றிருக்க வேண்டும். பள்ளிக்கூடத்து ஆசிரியர் ஒருவர் கைகொடுத்ததால் நிற்கவில்லை. நாகர்கோவில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரியிலும் பிறகு திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியிலும் படித்துப் பட்டம் பெற்றார். 1927இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவரானார். அங்கே வழிகாட்டியவர் கே. ஆனந்தராவ், இராமானுஜன் கேம்பிரிட்ஜில் இருந்த காலத்தில் அங்கேயே படித்தவர்.

1929இல் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொடங்கியது. அந்த ஆண்டே பிள்ளை அங்கு விரிவுரையாளராகச் சேர்ந்து 1941 வரை பணியாற்றினார். இந்த இடத்தில் இலங்கை வாசகர்களுக்கு ஒன்று நினைவுக்கு வரும். மட்டக்களப்புக் காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் 1931இல் அதே பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகி 1933 வரை அங்கே இருந்தார். பிற்காலத்தில் யாழ் நூலில் சுருதிகளின் அளவைக் கணக்கிட்டவரும், எண்களின் வலுக்களை அளந்துகொண்டிருந்தவரும் ஒரே வளாகத்தில் ஒரே காலத்தில் கற்பித்திருக்கிறார்கள். அறிவியலும் தமிழும் வெவ்வேறு உலகங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்கிறவர்களுக்கு நான் இதை எடுத்துக்காட்டுவேன்.

பிள்ளை வேரிங் கேள்வியைக் கையில் எடுத்தபோது அது எந்த நிலையில் இருந்தது? எந்த வலுவுக்கும் ஒரு வரம்பு உண்டு என்று 1909இல் டேவிட் ஹில்பெர்ட் நிறுவியிருந்தார். அந்த வரம்பு எவ்வளவு என்பதை அவருடைய வழி சொல்லாது. கன எண்களுக்கு 9 போதும் என்பதை வீஃபெரிக் அதே ஆண்டில் நிறுவினார். அதில் இருந்த ஓர் ஓட்டையைக் கெம்ப்னர் 1912இல் அடைத்தார். நான்காம் வலுவுக்கு 19தான் என்று வேரிங் சொன்னாலும், முதன்முதலாக நிறுவப்பட்ட எல்லை லியூவில் தந்த 53.

இதற்கிடையில் புதிய கருவி ஒன்று பிறந்திருந்தது. ஓர் எண்ணை எத்தனை விதமாகப் பிரித்துக் கூட்டலாம் என்ற கேள்விக்காக இராமானுஜனும் ஹார்டியும் 1918இல் கண்ட வட்ட முறை அது. ஹார்டியும் லிட்டில்வுட்டும் 1920களில் அதை வேரிங் கேள்விக்குக் கொண்டுவந்தார்கள். ஓர் எண்ணை இத்தனை வலு எண்களின் கூட்டுத்தொகையாக எழுதும் வழிகள் எத்தனை என்பதை ஒரு வட்டத்தின் மேல் செய்யும் தொகையீடாக மாற்றிக்கொள்வார்கள். வட்டத்தில் சில இடங்கள் முக்கியமானவை. சிறிய பகுதியெண் கொண்ட பின்னங்களுக்கு அருகில் இருப்பவை. விடையின் பெரும்பகுதி அங்கிருந்தே கிடைக்கும். மற்ற இடங்களிலிருந்து வருவது பிழை. பெரும்பகுதி பிழையை மிஞ்சிவிட்டால், வழிகளின் எண்ணிக்கை பூச்சியமாக இருக்க முடியாது. அதாவது அந்த எண்ணை அப்படி எழுத ஒரு வழியாவது உண்டு. 1930களில் சோவியத் கணிதர் வினோகிரதோவ் அந்தப் பிழையை மேலும் இறுக்கிப் பிடித்தார்.

ஆனால் வட்ட முறையின் வாக்குறுதியில் ஒரு நிபந்தனை இருக்கிறது. எண் போதிய அளவு பெரிதாக இருந்தால்தான் அது செல்லும். அந்தப் போதிய அளவு என்பதோ, எழுதவே பல பக்கம் பிடிக்கிற எண்ணாக இருக்கலாம். அதற்குக் கீழே உள்ள எண்களுக்கு என்ன செய்வது? ஒவ்வொன்றாகச் சோதிக்கப் பிரபஞ்சத்தின் வயது போதாது.

இங்கே கைகொடுப்பது படிப்படியாக மேலே ஏறும் ஓர் உத்தி. ஒரு குறிப்பிட்ட நீளத்துக்கு அடுத்தடுத்த எண்கள் அத்தனையும் இத்தனை வலு எண்களால் எழுதத்தக்கவை என்று முதலில் கணக்கிட்டுக் காட்ட வேண்டும். அதன் மேல் இன்னும் ஒரேயொரு வலு எண்ணைக் கூட்டினால் அந்த நீளம் மேல்நோக்கி நகரும். 1ஐக் கூட்டினால் கொஞ்சம், 2இன் வலுவைக் கூட்டினால் இன்னும் கொஞ்சம், 3இன் வலு, 4இன் வலு என்று போய்க்கொண்டே இருக்கலாம். பக்கத்துப் பக்கத்து வலுக்களின் இடைவெளி ஆரம்ப நீளத்தைவிடச் சிறிதாக இருக்கும்வரை நடுவில் ஓட்டை விழாது. ஒரே ஒரு வலு எண் செலவில் மூடப்பட்ட எல்லை பல மடங்காகிவிடுகிறது. திரும்பத் திரும்ப இதைச் செய்து வட்ட முறை தொடங்குகிற இடத்தைத் தொட்டுவிட வேண்டும். செலவழித்த வலு எண்களின் மொத்தம், ஆய்லர் மகன் சொன்ன எண்ணிக்கையைத் தாண்டவும் கூடாது. கணக்கு நுணுக்கமானது. ஓரிடத்தில் ஒன்றைக் கூடுதலாகச் செலவழித்தாலும் முழு உழைப்பும் வீண்.

1930களின் நடுவில் இதைச் செய்து முடித்தவர்கள் இருவர். ஒருவர் சிகாகோ பல்கலைக்கழகத்தின் லியோனார்ட் டிக்சன். எண்கோட்பாட்டின் வரலாற்றையே மூன்று பெருந்தொகுதிகளாக எழுதியவர், மாணவர் பட்டாளம் சூழ இருந்தவர். இன்னொருவர் சிதம்பரத்தில் விரிவுரையாளராக இருந்த பிள்ளை. ஒருவர் வேலையை மற்றவர் அறியாமல், ஏறக்குறைய ஒரே காலத்தில் இருவரும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். பிள்ளை அதை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் சொந்த இதழில் வெளியிட்டார். அந்த இதழ் ஐரோப்பா, அமெரிக்க நூலகங்களில் எத்தனை மேசைகளுக்குப் போயிருக்கும்? டிக்சனின் பெயர் உடனே பரவியது. பிள்ளையின் பங்கு மெல்லத்தான் தெரியவந்தது. இன்று எந்த நல்ல எண்கோட்பாட்டு நூலிலும் இருவர் பெயரும் சேர்ந்தே நிற்கின்றன.

அவர்களுடைய விடை ஒரு சிறு நிபந்தனையோடு வருகிறது. பத்தாம் தரத்துப் பிள்ளையே சோதிக்கக்கூடிய நிபந்தனை என்பதால் அதை இங்கே எழுதுகிறேன். 3இன் வலுவை 2இன் வலுவால் வகுக்கும்போது ஈவும் மீதியும் கிடைக்குமல்லவா? அந்த இரண்டின் கூட்டுத்தொகை, வகுத்த எண்ணைத் தாண்டக்கூடாது. தாண்டாவிட்டால் மேலே சொன்ன செய்முறைதான் சரியான விடை. ஐந்தாம் வலுவில் 243ஐ 32ஆல் வகுக்க ஈவு 7, மீதி 19. கூட்டினால் 26, 32ஐத் தாண்டவில்லை. ஆறாம் வலுவில் 729ஐ 64ஆல் வகுக்க ஈவு 11, மீதி 25. கூட்டினால் 36, 64க்குள் அடங்குகிறது. தாண்டுகிற வலு ஒன்றை இன்றுவரை எவரும் கண்டதில்லை. 1990இல் கணினி கொண்டு 47 கோடிக்கும் மேற்பட்ட வலுவரை சோதித்தாயிற்று. அப்படித் தாண்டுபவை இருந்தாலும் எண்ணிவிடக்கூடிய அளவே இருக்க முடியும் என்று குர்த் மாலர் 1957இல் நிறுவினார். ஒன்றுகூட இல்லை என்பதற்கு நிறுவல் இன்னும் கிடைக்கவில்லை. வகுத்தல், ஈவு, மீதி என்ற மூன்றையும் வைத்துக்கொண்டு மனித குலம் இன்னும் விடை காணாத கேள்வி கேட்க முடிகிறது.

சிறிய வலுக்கள்தான் கடைசிவரை அடம்பிடித்தன. வலு பெரிதாக இருந்தால் செலவழிக்கக் கையில் நிறைய எண்கள் இருக்கும். ஏழாம் வலுவுக்கு 143 உண்டு; நான்காம் வலுவுக்கோ வெறும் 19. சிக்கனம் அங்கே கடுமையாகிறது. ஆறாம் வலுவைப் பிள்ளையே 1940இல் முடித்தார். விடை 73. அத்தனையையும் கேட்கிற எண் 703. பத்து அறுபத்து நான்குகளும் அறுபத்து மூன்று ஒன்றுகளும் சேர்ந்தால்தான் அது நிறையும். கணினி இல்லாத காலம் அது. எதைக் கணக்கிட வேண்டும், எதைக் கணக்கிடாமலே தாண்டலாம் என்று பிரித்தறிவதில்தான் அவருடைய திறமை இருந்தது. ஐந்தாம் வலுவுக்கு 37 போதும் என்பதைச் சீனக் கணிதர் சென் சிங்ருன் 1964இல் நிறுவினார். நான்காம் வலு 1986வரை இழுத்தது. அதை முடித்த மூவரில் தெசுயே, திரெஸ் இருவரும் பிரெஞ்சுக்காரர்கள். மூன்றாமவர் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் ஆர். பாலசுப்பிரமணியன். வேரிங் எழுதிவைத்த 19 நிறுவப்பட 216 ஆண்டுகள் ஆயின.

23ஐப் பற்றி இன்னொரு செய்தி. ஒன்பது கன எண்களையும் கேட்கிற எண்கள் உலகத்தில் இரண்டே இரண்டு, 23உம் 239உம். டிக்சன் 1939இல் இதைக் காட்டினார். மற்ற அத்தனை எண்களுக்கும் எட்டோ அதற்குக் குறைவோ போதும். கடினம் தொடக்கத்தில் குவிந்திருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

வேரிங் கேள்வி ஒன்றோடு பிள்ளையின் வேலை முடியவில்லை. சாதாரண தரப் பரீட்சைக்கு நம் பிள்ளைகள் படிக்கிற பொதுக் காரணிகளுட் பெரியதையே எடுத்து 1933இல் அவர் ஒரு சார்பை உருவாக்கினார். 6ஐ எடுங்கள். 1 முதல் 6 வரை ஒவ்வோர் எண்ணுக்கும் 6க்கும் உள்ள பொ.கா.பெ. முறையே 1, 2, 3, 2, 1, 6. கூட்டுத்தொகை 15. இன்று அதைப் பிள்ளை சார்பு என்கிறார்கள். இதன் பண்புகளைப் பற்றிய ஆய்வுகள் இன்னும் வந்துகொண்டிருக்கின்றன.

எனக்கு மிகப் பிடித்தது அடுத்தடுத்த எண்களைப் பற்றிய அவருடைய கண்டுபிடிப்பு. தொடர்ச்சியாக வருகிற சில எண்களை எடுங்கள். 16 வரை எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம். அவற்றுள் ஓர் எண்ணாவது, கூட இருக்கிற மற்ற எந்த எண்ணோடும் 1ஐத் தவிரப் பொதுக் காரணி இல்லாமல் இருக்கும். எங்கிருந்து தொடங்கினாலும் இது பொய்க்காது. 17 ஆனதும் பொய்க்கிறது. 2184 முதல் 2200 வரையுள்ள பதினேழு எண்களைக் கரும்பலகையில் எழுதிப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பாருங்கள். இரட்டை எண்களுக்குப் பொதுவாக 2 இருக்கிறது. ஒற்றை எண்களில் 2185க்கும் 2195க்கும் பொதுவாக 5 உண்டு. 2187, 2193, 2199 மூன்றையும் 3 பிணைக்கிறது. 2191ஐ 7ஆல் வகுக்கலாம், 2184ஐயும் வகுக்கலாம். 2189க்குள் 11 இருக்கிறது. அது 2200க்குள்ளும் இருக்கிறது. கடைசியாக 2197. அது 13ஐ மூன்றுமுறை பெருக்க வருவது. தப்பித்துவிட்டது என்று நினைக்கும்போது, 2184உம் 13இன் மடங்கு என்பது தெரியவரும். தனித்து நிற்கிற எண் ஒன்றுகூட இல்லை.

பதினேழு எண்களுக்குள் எந்த இரண்டின் வித்தியாசமும் 16ஐத் தாண்டாது. பொதுக் காரணி வித்தியாசத்தையும் வகுக்க வேண்டும். ஆகவே 2, 3, 5, 7, 11, 13 என்ற ஆறு முதன்மை எண்களை மட்டும் கவனித்தால் போதும். 17 முதல் 430 வரை எந்த நீளத்துக்கும் இப்படிப்பட்ட கூட்டங்கள் உண்டு என்று பிள்ளை காட்டினார். அதற்கு மேலும் எல்லா நீளங்களுக்கும் உண்டு என்பதை ஆல்பிரட் பிரவுவர் 1941இல் நிறுவினார்.

இது ஒரு விளையாட்டுப் புதிர் போலத் தோன்றலாம். பிள்ளைக்கு அதில் காரியம் இருந்தது. தொடர்ச்சியான எண்களைப் பெருக்கினால் முழுச் சதுரமோ முழுக் கனமோ கிடைக்குமா என்பது அவர் துரத்திய கேள்வி. பெருக்கப்படும் எண்களில் ஒன்று மற்றவற்றோடு எந்தக் காரணியையும் பகிராவிட்டால், பெருக்கம் முழுச் சதுரமாவதற்கு அந்த எண்ணே தனியாக முழுச் சதுரமாக இருந்தாக வேண்டும். இந்த இறுக்கமான பிடியை வைத்து 16 எண்கள்வரை அவர் முன்னேறினார். அப்படியொரு பெருக்கம் ஒருபோதும் முழு வலுவாகாது என்று ஏர்டிஷும் செல்ஃப்ரிட்ஜும் 1975இல் நிறுவியதோடு அந்தக் கதை முடிந்தது.

அண்ணாமலையை விட்டு 1941இல் திருவாங்கூர்ப் பல்கலைக்கழகத்துக்குப் போனவர், அடுத்த ஆண்டு கல்கத்தாப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். 1950இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் உயராய்வு நிறுவனத்தில் ஓராண்டு தங்கி ஆய்வு செய்ய அழைப்பு வந்தது. ஹார்வர்டில் நடக்கவிருந்த அனைத்துலகக் கணித மாநாட்டுக்கும் போகிற ஏற்பாடு. மாநாடு ஆகஸ்ட் 30இல் தொடங்கியது. மறுநாள், அவர் சென்ற விமானம் கெய்ரோவிலிருந்து கிளம்பிச் சற்று நேரத்தில் எகிப்தியப் பாலைவனத்தில் விழுந்து எரிந்தது. அதிலிருந்த 55 பேரும் மாண்டனர். பிள்ளைக்கு வயது 49. இந்திய எண்கோட்பாட்டுக்கு இராமானுஜனின் மறைவுக்குப் பின் நேர்ந்த மிகப் பெரிய இழப்பு இது என்றே நான் கருதுகிறேன். பிரின்ஸ்டனில் அந்த ஓராண்டு கிடைத்திருந்தால், உள்ளூர் இதழ்களுக்குள் முடங்கியிருந்த அவருடைய வழிமுறைகள் சரியான கைகளுக்கு முப்பது ஆண்டுகளாவது முன்னதாகப் போயிருக்கும். அவருடைய கட்டுரைகள் முழுவதும் ஒன்றாகத் தொகுக்கப்பட்டு இரண்டு தொகுதிகளாக வெளிவந்தது 2010இல். பதிப்பித்தவர்கள் நான்காம் வலுவை முடித்த பாலசுப்பிரமணியனும் ஆர். தங்கதுரையும்.

அவர் விட்டுச்சென்றவற்றில் இன்று அதிகம் பேசப்படுவது பிள்ளையின் ஊகம். எல்லா முழு வலுக்களையும், சதுரம், கனம், நான்காம் வலு என்று பிரிக்காமல் ஒரே வரிசையில் எழுதுங்கள்: 1, 4, 8, 9, 16, 25, 27, 32, 36, 49, 64, 81, 100, 121, 125, 128. பக்கத்து எண்களுக்கு நடுவில் உள்ள இடைவெளியைப் பாருங்கள். பெருகுகிறது, திடீரென்று சுருங்குகிறது, மறுபடி பெருகுகிறது. 8க்கும் 9க்கும் வித்தியாசம் 1. இப்படி ஒட்டி நிற்கிற சோடி வேறு இல்லை என்று கத்தலான் 1844இல் ஊகித்தார். ருமேனியக் கணிதர் பிரெதா மிகைலெஸ்கு 2002இல் அதை நிறுவினார். பிள்ளையின் ஊகம் இதைவிட மிகப் பரந்தது. எந்த இடைவெளியை எடுத்துக்கொண்டாலும், அந்த வித்தியாசம் உள்ள சோடிகள் எண்ணிவிடக்கூடிய அளவே உண்டு என்கிறார். வேறுவிதமாகச் சொன்னால், வரிசையில் போகப்போக இடைவெளிகள் கடைசியில் எல்லா வரம்பையும் தாண்டி வளர்ந்தே தீரும்.

இதற்குப் பின்னால் பல ஆண்டு உழைப்பு உண்டு. 3இன் வலுவிலிருந்து 2இன் வலுவைக் கழித்தால் வருகிற விடைகளை அவர் ஆராய்ந்தார். 3 கழித்தல் 2 விடை 1. 9 கழித்தல் 8உம் 1. 3 கழித்தல் 8 விடை -5; 27 கழித்தல் 32உம் அதே -5. 3 கழித்தல் 16 விடை -13. 243 கழித்தல் 256உம் -13. இப்படி ஒரே விடை இருமுறை வருவது இந்த மூன்று இடங்களில் மட்டுமே என்று 1945இல் ஊகித்தார். 1982இல் ஸ்ட்ரூக்கரும் தைதமனும் அது சரிதான் என்று நிறுவினார்கள். பிள்ளை இறந்து 32 ஆண்டுகள் கழிந்திருந்தன. அவருக்கு இல்லாத கருவிகள் அவர்கள் கையில் இருந்தன. விடையைச் சரியாகச் சொல்லக் கருவிகளுக்காக அவர் காத்திருக்கவில்லை.

பொது ஊகம் இன்னும் திறந்தே கிடக்கிறது. இடைவெளி 1 ஒன்றைத்தான் முழுதாக முடித்திருக்கிறார்கள். 7 வித்தியாசத்துக்கு ஐந்து சோடிகள் தெரியும். 1உம் 8உம், 9உம் 16உம், 25உம் 32உம், 121உம் 128உம், பிறகு நெடுந்தூரம் தாண்டி 32761உம் 32768உம். இந்த ஐந்திலும் பெரிய எண் 2இன் வலு, சிறியது ஒரு சதுரம். இவ்வகையில் இந்த ஐந்துக்கு மேல் உண்டா என்று 1913இல் கேட்டவர் இராமானுஜன். இல்லை என்று 1948இல் நிறுவியவர் நார்வேயின் நாகெல். 10 வித்தியாசத்துக்குத் தெரிந்த சோடி ஒன்றே ஒன்று. 3இன் ஏழாம் வலுவான 2187உம், 13இன் கனமான 2197உம். பதினேழு எண்களின் அந்தக் கூட்டத்துக்குள் ஏற்கெனவே நாம் சந்தித்தவைதான். 2 வித்தியாசத்துக்கு 25உம் 27உம் தெரியும். அவற்றைத் தவிர இரண்டாவது சோடி இல்லை என்று நிறுவியவர் எவருமில்லை. 6 வித்தியாசத்துக்கு ஒரு சோடிகூட இதுவரை அகப்படவில்லை. இருக்கவே முடியாது என்பதற்கும் நிறுவல் இல்லை.